நாலு குழாய் எச்சிலில் மூளையைப் படிக்க முடியுமா? வீட்டு கார்ட்டிசால் கிட் வாங்கிய அனுபவம்

இரவு 10.40-க்கு எடுத்த எச்சிலில், ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்ட்டிசால் லிட்டருக்கு 61 நானோமோல் என்று ஆப் காட்டியபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது. படுக்கப் போகும் நேரத்தில் அந்த எண் நாளிலேயே அடிமட்டத்தில் இருக்க வேண்டும், ஒற்றை இலக்கத்தில், அதிலும் சின்ன ஒற்றை இலக்கத்தில். காலையில் எழுந்து அரை மணி நேரம் கழித்து வரும் உச்சமே எனக்கு 17தான். 61 நிஜமென்றால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலோ சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டிய நிலைமை. ஆப் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒரு மூளைப் படம் வந்தது, நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் துடித்துக்கொண்டிருந்தது, கீழே "உங்கள் காபா 38 சதவீதம், செரோட்டோனின் 41 சதவீதம், உங்கள் மூளை ஸ்ட்ரெஸ்ஸில் சிக்கியிருக்கிறது" என்று ஒரு வரி (இரண்டும் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் நரம்புக் கடத்திகள்), அதற்கும் கீழே ஒரு பச்சைப் பொத்தான்: இரவில் இரண்டு கேப்சூல்.

அந்த 61 எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன், அது தனிக் கூத்து. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் வேறு வேறு பெயர்களில் வருகின்றன, யாராவது வாங்க நினைத்தால் எதை நம்பலாம், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் உடலியங்கியல் பாடம் எடுப்பவன், மூளையிலிருந்து அட்ரினல் வரை போகும் ஹார்மோன் அச்சைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், ஆனால் என் எச்சிலை நானே அளந்து பார்த்ததில்லை. அந்த ஆர்வத்தில் வாங்கியதுதான்.

பெட்டியைப் பற்றி முதலில். உள்ளே நாலு பிளாஸ்டிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பஞ்சு உருளை, நேரம் எழுத ஸ்டிக்கர், ஒரு ஐஸ் பேக், திருப்பி அனுப்பும் கவர், கூடவே அந்தக் கேப்சூல் டப்பா. கண் விழித்த உடனே ஒன்று, 30 நிமிடம் கழித்து ஒன்று, பிற்பகல் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. பஞ்சை வாயில் போட்டு இரண்டு நிமிடம் மென்று ஊறவிட வேண்டும். விடியற்காலை, வாய் வறண்டு கிடக்கும்போது பஞ்சை மெல்லுவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, கம்பளிப் போர்வையின் ஓரத்தைக் கடித்த மாதிரி இருந்தது. ஆனால் குழாய்கள் நல்ல தரம், மூடி இறுக்கமாக இருக்கிறது, கசியவில்லை, ஃப்ரீசரில் வைத்து எடுத்தும் ஸ்டிக்கர் உரியவில்லை. முடிவு சொன்ன தேதிக்கு வந்தது. இதெல்லாம் பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

எச்சிலில் அளப்பது என்பதும் ஏமாற்று வேலை கிடையாது. ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசாலில் 90 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது, செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வது மீதி இருக்கும் கொஞ்சம்தான், எச்சிலுக்கு வருவதும் அந்தக் கொஞ்சம்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தப் புரதம் கூடிவிடும், ரத்தப் பரிசோதனையில் மொத்த கார்ட்டிசால் ஏறித் தெரியும், எச்சிலில் அந்தக் குழப்பம் குறைவு. ஊசி குத்தத் தேவையில்லை, ஊசி குத்தும் பயத்திலேயே கார்ட்டிசால் ஏறும் தொல்லையும் இல்லை. 1993-ல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் வடிவமைத்த ஸ்ட்ரெஸ் சோதனை ஒன்று உண்டு, முன்னால் உட்கார்ந்து முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்களுக்கு எதிரே நின்று பேச வேண்டும், அப்புறம் மனக்கணக்காகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், தப்பு செய்தால் முதலிலிருந்து. அதில் எச்சில் கார்ட்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. ஆக, அளவு அளவுதான். கார்ட்டிசால் அளவுக்கு மீறிப்போகும் கஷிங் நோய் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்களே நள்ளிரவு எச்சிலைத்தான் கேட்கிறார்கள், அதுவும் ஒரு தடவையோடு விடாமல் குறைந்தது இரண்டு தடவை.

என் பிரச்சினை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து மூளைக்குள் போகலாம் என்று இந்தக் கம்பெனி நினைப்பதில்தான். வாசலில் வந்து விழுந்த கடிதத்தின் எடையை வைத்து எழுதியவர் என்ன மனநிலையில் இருந்தார் என்று சொல்வதைப் போல இருக்கிறது. கார்ட்டிசால் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது, அதற்கு உத்தரவு பிட்யூட்டரியிலிருந்து ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் மூலம் வருகிறது, பிட்யூட்டரிக்கு உத்தரவு மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டத்திலிருந்து சி.ஆர்.எச். என்ற ஹார்மோன் மூலம் வருகிறது. (41 அமினோ அமிலம் கொண்ட இந்தச் சின்னச் சங்கிலியைப் பிரித்தெடுக்க லட்சக்கணக்கான ஆட்டு மூளைத் துண்டுகள் தேவைப்பட்டன. வைலி வேல் குழுவினர் 1981-ல்தான் அதைச் சாதித்தார்கள்.) இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் படம். அந்த நரம்பணுக் கூட்டத்துக்கு யார் உத்தரவு போடுகிறார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது. அங்கே எத்தனை விதமான ஏற்பிகள், அதாவது செய்தி மூலக்கூறுகள் வந்து ஒட்டும் ரிசெப்டர்கள், வரிசை கட்டி நிற்கின்றன என்று பார்த்தால் ஆப்பின் 38 சதவீதத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று தெரிந்துவிடும்.

காபாவையே எடுத்துக்கொள்வோம், ஆப் அதைத்தான் முதலில் குற்றம் சாட்டுகிறது. அந்த சி.ஆர்.எச். நரம்பணுக்களின் மேல் வந்து முடியும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி காபாவை உமிழ்பவை. காபா-ஏ ஏற்பி என்பது ஐந்து துண்டுகள் சேர்ந்து உருவாக்கும் ஒரு கதவு. காபா வந்து ஒட்டினால் கதவு திறக்கும், குளோரைடு அயனி உள்ளே பாயும், நரம்பணு அடங்கும். ஸ்ட்ரெஸ் இல்லாத நேரத்தில் இந்த பிரேக்தான் அந்தக் கூட்டத்தைச் சும்மா உட்கார வைத்திருக்கிறது. அப்படியானால் காபா கூடினால் கார்ட்டிசால் குறையும், காபா குறைந்தால் கார்ட்டிசால் கூடும், சரிதானே? கேப்சூல் விற்பவரின் மொத்த வியாபாரமும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஆனால் குளோரைடு உள்ளே பாய்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, உள்ளே குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். அதைக் குறைவாக வைத்திருப்பது கே.சி.சி.2 என்று ஒரு பம்ப், நாள் முழுக்க உள்ளே வருவதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜெய்தீப் பெயின்ஸ் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கு ஸ்ட்ரெஸ் கொடுத்தபோது இந்த நரம்பணுக்களில் அந்தப் பம்ப் தளர்ந்துபோனதைப் பார்த்தார்கள். பம்ப் தளர்ந்தால் உள்ளே குளோரைடு தேங்கும். அப்போது காபா வந்து கதவைத் திறந்தால் என்ன ஆகும்? அடக்கும் வேலை நடக்காது, சில நேரம் தலைகீழாகத் தூண்டிவிடவே செய்யும். அதே காபா, அதே ஏற்பி, அதே கதவு, ஆனால் பிரேக்கை மிதித்தால் வண்டி வேகமெடுக்கிறது. இதை முதல் தடவை படித்த நாளில் நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன், அவ்வளவு ஆச்சரியம்.

இதோடு முடியவில்லை. நம் உடலே காபா-ஏ ஏற்பியை முடுக்கிவிடும் சில ஸ்டீராய்டுகளைத் தயாரிக்கிறது, அல்லோபிரெக்னனலோன், டி.எச்.டி.ஓ.சி. போன்றவை. சாதாரண நேரத்தில் அவை சி.ஆர்.எச். நரம்பணுக்களை அமைதிப்படுத்துகின்றன. ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பிறகு அதே டி.எச்.டி.ஓ.சி.யைக் கொடுத்துப் பார்த்தபோது அந்த நரம்பணுக்கள் அதிகமாகத் துடித்தன என்று 2011-ல் எலிகளில் காட்டினார்கள். இந்த வழியை மருந்தாக்க முடியாது என்று சொல்ல வரவில்லை, அல்லோபிரெக்னனலோனே பிரெக்ஸனலோன் என்ற பெயரில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 60 மணி நேரம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. 2023-ல் அதே வகையில் ஜுரனலோன் மாத்திரையாகவே வந்துவிட்டது. ஆனால் அதெல்லாம் மருத்துவர் கண்காணிப்பில், எந்த ஏற்பியின் எந்தத் துண்டில் ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. பெட்டிக்குள் இலவச இணைப்பாக வரும் சமாச்சாரம் கிடையாது.

சரி, காபாவை விடுவோம். செரோட்டோனின் 41 சதவீதம் என்று போட்டிருக்கிறார்களே, அதைப் பார்ப்போம். ஆப்பின் கணக்கில் கார்ட்டிசால் ஏறினால் செரோட்டோனின் இறங்கியிருக்கிறது என்று பொருள். இந்த அச்சைப் பொறுத்தவரை நிஜம் ஏறக்குறைய எதிர்ப்பக்கம் இருக்கிறது: சி.ஆர்.எச். நரம்பணுக்களின் மேல் செரோட்டோனினின் 2சி ஏற்பி உட்கார்ந்திருக்கிறது, செரோட்டோனின் அதைத் தட்டினால் அச்சு கிளம்புகிறது, கார்ட்டிசால் ஏறுகிறது. செரோட்டோனினைக் கூட்டும் சிட்டலோபிராமை ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே ஒரு தடவை நரம்பில் ஏற்றினாலே கார்ட்டிசால் உயர்வதைப் பார்த்திருக்கிறார்கள். அதே மருந்து வகையை வாரக்கணக்கில் சாப்பிடும்போது நடப்பது வேறு, ஏனென்றால் அதற்குள் ஏற்பிகளே இடம் மாறி, எண்ணிக்கை மாறி, புதிய சமநிலைக்கு வந்துவிடுகின்றன. "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டவர்களுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது என்று வகுப்பில் நான் தினமும் திண்டாடுகிறேன், ஆப்புக்கு யார் போய்ச் சொல்வது.

நோர்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்புக் கடத்தி பற்றி ஆப் மூச்சே விடவில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். ரத்தம் இழப்பது, காய்ச்சல், தொற்று என்று உடம்பிலிருந்து வரும் ஆபத்துச் செய்தி மூளைத்தண்டிலிருந்து நோர்அட்ரினலின் இழைகள் வழியாக நேராக அந்த நரம்பணுக் கூட்டத்துக்கு வந்து ஆல்ஃபா-1 ஏற்பியைத் தட்டுகிறது. குறுக்கே யோசனை கிடையாது, நேர் ரோடு. மேலதிகாரி கூப்பிட்டார், தேர்வு முடிவு வரப்போகிறது மாதிரி மனசு சம்பந்தப்பட்ட ஸ்ட்ரெஸ் சுற்று வழியில் வருகிறது. பயத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியான அமிக்டாலாவிலிருந்து கிளம்பும் இழைகள் பல, நேராக வந்து முடுக்குவதில்லை. நடுவில் பிரேக் போட்டுக்கொண்டிருக்கும் காபா நரம்பணுக்களைத் தம் காபாவால் அடக்குகின்றன. பிரேக்குக்கே பிரேக், அதனால் வண்டி உருளுகிறது. நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸ் இதற்கு நேர் எதிர், அது குளூட்டமேட்டை வைத்து அதே இடைத்தரகர்களை எழுப்பி பிரேக்கை இறுக்குகிறது. குளூட்டமேட் என்றால் தூண்டுவது, காபா என்றால் அடக்குவது என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இங்கே தலை சுற்றும், இங்கே குளூட்டமேட் அடக்கி வைக்கிறது, காபா அவிழ்த்து விடுகிறது, எல்லாம் எந்த ஏற்பி எந்த நரம்பணுவின் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசியில் எச்சிலில் வந்து சேர்வது என்னவோ ஒரே எண்தான். 17 என்றால் அது எந்த ரோட்டில் வந்த 17? குழாய்க்குத் தெரியாது.

இப்போது அந்த 61.

முடிவு வந்த இரவு தூக்கம் வரவில்லை (அதனால் கார்ட்டிசால் நிஜமாகவே கொஞ்சம் ஏறியிருக்கும்). மறுநாள் காலை கை கழுவும்போதுதான் பொறி தட்டியது. எனக்கு விரல் இடுக்கில் அரிப்பு உண்டு, இரவில் ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் தடவுவேன். நாலாவது குழாய் எடுத்த அன்றைக்கும் தடவியிருந்தேன். அசதியில் பஞ்சைக் குழாயிலிருந்து நேராக வாயில் கவிழ்க்காமல் இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், மென்று முடித்து அதே விரலால் திருப்பிப் போட்டேன். ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது வேறு ஒன்றுமில்லை, கார்ட்டிசாலுக்கு மருந்துக் கடைப் பெயர். அதே மூலக்கூறு, அணு மாறாமல். விரல் நுனியில் துளி ஒட்டியிருந்தாலும் போதும், லேப் கருவி பாவம் என்ன செய்யும், இருந்ததை அளந்து சொல்லியிருக்கிறது. வழிமுறைத் தாளை எடுத்து மூன்று தடவை படித்தேன். பல் துலக்காதே, சாப்பிடாதே, காபி குடிக்காதே, பஞ்சைக் கையால் தொடாதே என்றெல்லாம் இருக்கிறது, தொட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீராய்டு க்ரீம், இன்ஹேலர் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ஈறில் ரத்தம் கசிந்தாலும் எண் கெட்டுப்போகும், அதுவும் இல்லை. கார்ட்டிசால் அளக்கும் பெட்டியில் கார்ட்டிசால் க்ரீம் பற்றி எச்சரிக்கை இல்லாதது சின்ன விடுதல் இல்லை.

என் தோலில் இருந்த க்ரீமை வைத்து ஆப் என் மூளையின் காபாவைக் கணக்கிட்டிருக்கிறது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கஸ்டமர் கேருக்கு எழுதினேன். குழாய் மாசுபட்டிருக்கிறது, அந்த எண்ணை நீக்கிவிட்டு மூளைப் படத்தை மாற்றுங்கள், அல்லது 61 என்று வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்றாவது காட்டுங்கள் என்று. பதில் வந்தது: "உங்கள் பொறுமைக்கு நன்றி. அட்ரினல் சோர்வு உள்ளவர்களுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு. கேப்சூல்களைத் தொடரவும்." அட்ரினல் சோர்வு என்ற நோயை ஹார்மோன் மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவே இல்லை, அது ஒருபுறம் இருக்கட்டும், சோர்ந்துபோன அட்ரினல் எப்படி 61 சுரக்கும் என்று கேட்டு மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

கேப்சூலுக்கு வருவோம். லேபிளில் காபா, எல்-தியானைன், அஸ்வகந்தா, இன்னும் சில. காபாவை வாய் வழியாக விழுங்கினால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டிப் போவது மிகக் குறைவு. மூளை தனக்கு வேண்டிய காபாவைக் குளூட்டமேட்டிலிருந்து தானே செய்துகொள்கிறது. அப்படியே கொஞ்சம் போய்ச் சேர்ந்தாலும் மேலே சொன்ன குளோரைடு பம்ப் எந்த நிலையில் இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அஸ்வகந்தாவுக்குக் காலை கார்ட்டிசால் கொஞ்சம் இறங்கியதாகச் சில சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அரிதாகச் சிலருக்கு ஈரல் பாதித்த பதிவுகளும் இருக்கின்றன, தைராய்டு மருந்து சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. லேபிளில் இதற்கும் ஒரு வரி இல்லை. நான் டப்பாவைப் பிரிக்கவில்லை. மருந்து கம்பெனிகளே இந்த அச்சை ஒரு குறிப்பிட்ட ஏற்பியில் பிடிக்கலாம் என்று பல வருடம் முயன்று பார்த்தார்கள், சி.ஆர்.எச். ஏற்பியை மூடும் மருந்துகளை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சோதித்தார்கள், ஆய்வகத்தில் அழகாக வேலை செய்தவை மனிதர்களில் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. அவ்வளவு பணமும் மூளையும் போட்டவர்களே திணறிய இடத்தில் இந்தப் பச்சைப் பொத்தான்.

எனக்கு இன்னொரு மனக்குறை, கொஞ்சம் வாத்தியார்த்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் கார்ட்டிசால் ஏதோ அழுக்குத் தண்ணீர் மாதிரி, குறைந்தால் நல்லது, கூடினால் கெட்டது. கார்ட்டிசால் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கதை, அதைக் கேட்கும் காது எப்படி இருக்கிறது என்பது மறுபாதி. நியூயார்க்கில் புரூஸ் மெக்யூவன் குழு 1968-ல், எலிக்குக் கொடுத்த கார்ட்டிகோஸ்டீரோன் ஹிப்போகாம்பஸில் போய்த் தங்குவதைக் கண்டது. எலிக்குக் கார்ட்டிகோஸ்டீரோன், நமக்குக் கார்ட்டிசால், வேலை ஒன்றுதான். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் மூளைக்குள் வந்து, நினைவுக்கான இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது என்பது அப்போது புதுச் செய்தி. 1985-ல் ரூல், டி க்ளோயட் இருவரும் மூளையில் அதற்கு இரண்டு வகை ஏற்பி இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பி சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும், அதனால் சும்மா இருக்கும் நேரத்திலேயே பெரும்பாலும் நிரம்பிக் கிடக்கும். குளூகோகார்ட்டிகாய்டு ஏற்பி சோம்பேறி, காலை உச்சத்திலும் ஸ்ட்ரெஸ் நேரத்திலும்தான் அதற்கு வேலை வரும். "போதும், நிறுத்து" என்று ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் சொல்லும் வேலையில் பெரும்பங்கு இந்தச் சோம்பேறியுடையது. அது காது மந்தமானால் கார்ட்டிசால் ஏறிக்கொண்டே போகும், அது கூர்மையானால் கொஞ்சம் கார்ட்டிசாலுக்கே அச்சு வாயை மூடிக்கொள்ளும். கடுமையான மனச்சோர்வில், சாதாரணமாகக் கார்ட்டிசாலை அடக்கிவிடும் டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டைக் கொடுத்தும் கார்ட்டிசால் அடங்காதவர்கள் உண்டு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் உள்ளவர்களில் பலருக்கு நேர்மாறாக, துளி டெக்ஸாமெத்தசோனுக்கே அளவுக்கு மீறி அடங்குகிறது, கார்ட்டிசாலும் சாதாரணமாகவோ குறைவாகவோ இருக்கிறது. இந்த ஆப் அவர்களுக்கு "மன அழுத்தம் இல்லை, அருமை" என்று பச்சை நிற மூளையைக் காட்டும். இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது, என் 61 பற்றிக்கூட அவ்வளவு கோபம் இல்லை.

இன்னும் வேடிக்கை, மிஃபெப்ரிஸ்டோன் என்று ஒரு மருந்து. குளூகோகார்ட்டிகாய்டு ஏற்பியை மூடிவிடும். கஷிங் நோயாளிகளின் சர்க்கரையைக் கட்டுப்படுத்த 2012-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதைச் சாப்பிடும் பலருக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் இன்னும் ஏறும், "போதும்" என்ற செய்தி பிட்யூட்டரிக்குப் போய்ச் சேராததால். ஆனால் நோயின் விளைவுகள் குறையும். எண் மேலே, விளைவு கீழே. ஆப்புக்கு அந்த எச்சிலை அனுப்பினால் எத்தனை கேப்சூல் எழுதிக் கொடுக்குமோ.

இந்த இரண்டு ஏற்பிகளும் ஜீன்களைத் தட்டி எழுப்பி வேலை செய்யும் மெதுவான வழி தவிர நிமிடக் கணக்கில் நடக்கும் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது, நியூ ஆர்லியன்ஸில் ஜெஃப்ரி டாஸ்கர் குழு 2003-ல் காட்டியது. கார்ட்டிகாய்டு வந்து தொட்டதும் ஹைப்போதலாமஸ் நரம்பணு கஞ்சாவின் உறவுக்கார மூலக்கூறு ஒன்றைப் பின்னோக்கி உமிழ்கிறது, அது எதிரே இருக்கும் இழை நுனியின் சி.பி.1 ஏற்பியில் போய் ஒட்டுகிறது, அங்கிருந்து வரும் குளூட்டமேட் குறைகிறது. ஹார்மோன் தன்னைக் கூப்பிட்ட குரலையே, அதன் நரம்புக் கடத்தி ஏற்பி வழியாகவே, அமுக்குகிறது. ஏற்பி ஹார்மோனை ஆட்டி வைக்கிறது, ஹார்மோன் ஏற்பியை ஆட்டி வைக்கிறது, வட்டமாக. இந்த வட்டத்தின் ஏதோ ஒரு புள்ளியில் ஒரு பஞ்சுத் துண்டை நனைத்து எடுத்திருக்கிறோம். அதுவும் கார்ட்டிசால் நேர்கோட்டில் இறங்குவதில்லை, ஏறக்குறைய மணிக்கு ஒரு துடிப்பாக ஏறி இறங்கும். பிற்பகல் குழாயை அரை மணி தள்ளி எடுத்திருந்தால் 5 என்பது 9 ஆக இருந்திருக்கலாம், ஆப்பில் வட்டத்தின் நிறம் மாறியிருக்கும்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா? காலையில் ஏறி நாள் முழுக்க இறங்கும் அந்த வளைவு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆர்வம் மட்டும் இருந்தால், எண்களை மட்டும் பார்த்துவிட்டு மூளைப் படத்தை மூடிவிடத் தெரிந்தால், வாங்கலாம். கண் விழித்த நேரத்தை நேர்மையாக எழுதுங்கள், படுக்கையில் பத்து நிமிடம் புரண்டுவிட்டு "இப்போதுதான் விழித்தேன்" என்று எழுதினால் காலை ஏற்றமே காணாமல் போகும். ஷிஃப்ட் வேலை செய்பவர்கள், ஸ்டீராய்டு எந்த வடிவத்திலாவது எடுப்பவர்கள் வாங்க வேண்டாம். காரணமில்லாமல் எடை கூடுகிறது, தோலில் ஊதாக் கோடு விழுகிறது, அல்லது எடை குறைந்து தலை சுற்றுகிறது, தோல் கறுத்துப்போகிறது என்றால் இந்தப் பெட்டி வேண்டாம், ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். குழாய்க்கும் லேப்புக்கும் 5-க்கு 4, வழிமுறைத் தாளுக்கு 2, ஆப்புக்கு 0 கொடுக்க இடமில்லை என்பதால் 1.

இரண்டு வாரம் க்ரீமை நிறுத்திவிட்டு, கையைக் கழுவி, பஞ்சைத் தொடாமல், இன்னொரு பெட்டி வாங்கி மறுபடி எடுத்தேன் (ஆமாம், மறுபடியும் வாங்கினேன், சந்தேகம் தீர வேண்டாமா). இரவுக் குழாய் 1.8. ஆப்பைத் திறந்தேன். மூளை பச்சையாக இருந்தது, காபா 79 சதவீதம், கீழே பட்டாசு வெடிக்கும் படம். "வாழ்த்துகள்! இரண்டே வாரத்தில் கேப்சூல்கள் உங்கள் மூளையை மாற்றியிருக்கின்றன." டப்பா சீல் பிரிக்காமல் என் மேசை மேல்தான் இருக்கிறது, எழுதும்போது அதன் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன், அதற்குச் சரியான உயரம்.